உன் தலையில் விழுந்த என் பிழை

இன்று காலை ஓர் ஆசிரியர் விடுப்புக் கடிதம் அடிக்கக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்ததற்குப் பதிலாக ஒரு நாள் லீவு வேண்டுமாம். 'இன் லியூ ஆஃப்' என்று எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத்தான் கை ஓடவில்லை. நீ கண்ணை மூடி இன்றோடு இருபது நாள்.

எட்டு வருடத்துக்கு முன் கள்ளக்குறிச்சியின் இந்த டைப்பிங் கடையில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வருகிறவர்கள் சொல்வதை முதலாளி குறித்துக் கொடுப்பார். யார் கை காலியோ அவர் அடிப்பது வழக்கம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம் என்பாய் நீ. இங்கிலீஷில் இருந்தால்தான் ஆபீசில் மதிப்பு என்பேன் நான். ஜனங்களும் என் கட்சிதான். "கொஞ்சம் பெரிய இங்கிலீஷா போடச் சொல்லுங்க" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

கல்வராயன் மலையிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் போட்டேன். பல வருடமாக வீடு கட்டிக் குடியிருப்பதைக் கருதி, சாமை விதைக்கும் நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்பது அவர் மனு. 'கருதி' என்பதற்கு 'இன் வியூ ஆஃப்' வரவேண்டிய இடத்தில், 'பதிலாக' என்று பொருள்படும் 'இன் லியூ ஆஃப்' என்று அடித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். வீட்டை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக நிலம் கொடுங்கள் என்று ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவர் அந்தத் தாளோடு வந்து நின்றார். "வூட்ட வுட்டுத் தர்றேன்னு நீயே எழுதிக் குடுத்துக்கிறியேன்னு ஆபீசுல கேக்குறாங்க. யாரும்மா இத அடிச்சது?"

முதலாளியும் எழுந்து வந்தார். நான் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நீ சொன்னாய், "நான்தாங்க."

அன்றைக்கே தமிழில் வேறு மனு எழுதி, அவரோடு ஆபீசுக்கு நடந்தாய். பட்டா பிறகு கிடைத்தது. உன் வேலை போய்விட்டது. "உனுக்குக் கைக்கொழந்த கீது. எனக்கு இன்னா, வூட்ல தையல் மிஷின் கீது" என்று பையை எடுத்துக்கொண்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கடைத்தெருவில் உன்னைக் கண்டபோதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் சாவுக்கும் கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போய்விட்டேன். என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

இன்று மாலை கடையை அடைத்துவிட்டு வடக்கனந்தல் பஸ் ஏறினேன். உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்மா. அன்னிக்கே சொல்லிட்டா. என்னிக்காவது நீயே வருவேன்னு சொல்லிக்கினே இருந்தா."

எட்டு வருடம் காத்திருந்திருக்கிறாய். இதை நான் எங்கே இறக்கி வைப்பேன்? உன் வீட்டுக்கு அரை மணி நேர பஸ்தான்.