சிரட்டைப் புகையை எங்கே எழுதுவது?

டீச்சர்,

இன்று காலை விடுதிச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் தேங்காய்ச் சிரட்டை எரிந்துகொண்டிருந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். நம் பல்கலைக்கழக வளாகம் வருஷத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது என்கிற கார்பன் கணக்கை இந்த வாரம் கொடுத்தாக வேண்டும். மின்சாரம் முடிந்தது, ஜெனரேட்டர் டீசலும் முடிந்தது. அந்த அடுப்பு மட்டும் பாக்கி.

நாம் சேர்ந்து போட்ட முதல் கணக்கிலும் அங்கேதான் மாட்டிக்கொண்டோம். நான் இயற்பியல் ஆள். புகை வந்தால் எழுத வேண்டும் என்றேன். நீங்கள் தாவரவியல், போதாக்குறைக்குப் பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவர். விடுவீர்களா?

"ஏனுங்க சார், மரம் காத்துல இருந்து எடுத்தத மரமே திருப்பிக் குடுக்குது. நடுவுல உங்களுக்கு என்னுங்க பஞ்சாயத்து?"

"மரம் வளர வருசக்கணக்காகுதுங்க டீச்சர். எரியறதுக்கு ஒரு நிமிசம் போதுமுங்க."

"அடுத்த மரம் வளந்துட்டுத்தானுங்க இருக்குது. ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க, மரத்தையே கேட்டுப்போடலாம்."

வந்தேன் டீச்சர். கொல்லங்கோட்டில் பஸ் மாறி வந்தேன். அன்று நீங்கள் பேசுகிற நிலையில் இல்லை.

தோப்போரத்தில் உங்களைக் கிடத்திச் சிரட்டையும் மட்டையும் அடுக்கித் தீ வைத்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, எனக்குள் கணக்கு ஓட ஆரம்பித்தது. இவ்வளவு எடை, இவ்வளவு புகை. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. அண்ணாந்து பார்த்தால், காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் புகை மேலே போகாமல் தென்னை ஓலைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியது அறிவாலா, அழுகையாலா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அதனால்தான் இந்தக் குழப்பம். அடுப்பைக் கூட்டுத்தொகையில் சேர்த்தால் அதை இடித்துவிட்டு கேஸ் வைப்பார்கள். விட்டுவிட்டால் அடுப்பு பிழைக்கும். விடத்தான் ஆசை. ஆனால் அது கணக்கு சொல்வதா, உங்கள்மேல் உள்ள பிரியம் சொல்வதா? பிரியத்தை வைத்துக் கணக்கு எழுதினால் முதலில் என்னைத் திட்டுகிற ஆள் நீங்கள்தான். சேர்த்து எழுதலாம் என்று பேனாவை எடுத்தாலோ, அன்றைய தீயையும் சேர்த்து எழுதுவதுபோல் கை நின்றுவிடுகிறது.

மத்தியானம் ஒருவழியாக அடுப்பைத் தனி வரியில் எழுதி, கூட்டாமல் அனுப்பினேன். அப்படி எழுதுகிற முறையும் உண்டு. கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து போன் வந்தது.

"சார், இந்த அடுப்பு கணக்குல உண்டா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

நான் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, "என்னுங்க டீச்சர் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன்.

போனில் அந்தப் பக்கம் இருந்தவர் பதிலுக்குக் காத்திருந்தார். நானும்தான்.