அப்பாவின் தெளிந்த குரல்

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் பாடு ஓடுகிறது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே போதும். பாதி படித்துவிட்டுப் போனைத் தூக்காதே, முழுக்கப் படி. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் முன்னால் அப்பா தூங்கி விழப்பார்த்ததும், குறட்டைக்கு டாக்டர் காற்று மெஷின் எழுதிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அவர் மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால், ஊரையே எழுப்பும் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், இன்னும் இருக்கேன், போய்ப் படு என்று கிண்டல் செய்வார். தொண்டை காய்கிறது என்றார், மெஷினில் தண்ணீர் டப்பாவைச் சேர்த்ததும் அதுவும் சரியாயிற்று, பகலில் தூங்கி வழிவதும் நின்றது. பிறகுதான் குரல் மாறியது. வருஷக்கணக்கான குறட்டையில் தொண்டைச் சதை அடிபட்டு வீங்கியிருந்ததாம், இப்போது வீக்கம் வடிந்து குரல் தெளிகிறது, நல்லதுதானே என்றார் டாக்டர். நல்லதுதான். தெளிந்த குரல் யாருடையது என்று எனக்கல்லவா தெரியும். போன ஞாயிறு குளியலறையிலிருந்து அந்தக் குரல் துண்டு கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், பீரோவின் அடித்தட்டிலிருந்து அண்ணனின் நீலத் துண்டை எடுத்துக்கொண்டு போய், வந்துட்டேண்டா கண்ணா என்று கதவைத் தட்டினேன். அண்ணன் நம்மை விட்டுப் போனபின் அந்தத் துண்டை யாரும் தொட்டதில்லை. அப்பா கதவைத் திறந்தார், துண்டைப் பார்த்தார், வாங்கித் துவட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து மெஷின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால் தொண்டை காயுது என்கிறார். டப்பா நிறையத் தண்ணீர் இருக்கிறது, யார் காதில் பூச்சுற்றுகிறார்? எனக்காகத்தான் பழைய கரகரப்பை வரவழைக்கப் பார்க்கிறார். மறுபடி குறட்டை, நடுநடுவே மூச்சு நிற்கிறது, காலையில் கண் சிவந்து அந்தக் காகிதம் வெட்டும் கத்தி முன்னால் போய் நிற்கிறார். உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்தக் குரல் இன்னொரு முறை கூப்பிடாதா என்றும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாகவும் இருக்கிறது, வேண்டும்போலவும் இருக்கிறது. ஆனால் ஒருவனைப் பறிகொடுத்தது போதும் குட்டி. நான் ஆரம்பித்தால் பேச்சை மாற்றுகிறார், நீ சொன்னால் மெஷினை எடுத்து மாட்டுவார்.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். நீ கூப்பிட்டால் அப்பாதான் போனை எடுப்பார். குரல் இன்னும் பழையபடி ஆகவில்லை, அண்ணன் பேசுவது போலவே இருக்கும். பதறி வைத்துவிடாதே. அழாதே. முதலில் அப்பா என்று கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா