ஆட்சேபணை இல்லை என்று எழுதச் சொன்னார்கள்

மார்ச் 3, திங்கள்

புதிய சாலையின் வரைபடத்தை இன்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்தோம். வைத்த இடம், நகராட்சி ஆபீஸ் முதல் மாடி வராந்தாவில் குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால். தண்ணீர் பிடிக்க வருகிறவர் குனிந்து கழுத்தைத் திருப்பினால் பாதி தெரியும். "இதை யார் சார் பார்ப்பாங்க?" என்று மேலாளரிடம் கேட்டேன். "பார்க்கணும்னு சட்டம் இல்லம்மா. வைக்கணும்னுதான் சட்டம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பேருந்து நிலையத்திலிருந்து மரக்கடைச் சந்து வழியாக நாற்பதடிச் சாலை. சந்தின் இடது பக்கம் அறுபத்து மூன்று வீடுகள் இடிபடும். ஆட்சேபணை இருந்தால் 28ஆம் தேதிக்குள் மனு கொடுக்கலாம். மனுவே வராவிட்டால் "ஆட்சேபணை இல்லை" என்று கோப்பு மேலே போய்விடும். ஆனால் சந்து முனையில் நேற்றே ஜல்லி கொட்டியாகிவிட்டது. டெண்டர் இன்னும் திறக்கவில்லை. யாருக்கு என்று ஊருக்கே தெரியும். காண்ட்ராக்டர் ரோலருக்குத்தான். ஒரே ஒரு ரோடு ரோலரோடு பிழைக்க வந்ததால் அந்தப் பெயர். இப்போது இந்த நகராட்சியில் குழி தோண்டுவதும் அவர்தான், மூடுவதும் அவர்தான்.

என்னோடு ஒரே வீட்டில் குடும்பத்தோடு இருக்கும் என் தம்பி அவரிடம்தான் வேலை பார்க்கிறான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

செவ்வாயிலிருந்து ஆபீஸ் மாடிப்படியில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். ரோலரின் ஆட்கள். சும்மா நிற்பதாக நினைத்தேன்.

இன்று பதினொரு மணிக்குச் சந்திலிருந்து ஒரு தச்சர் மனுவோடு ஏறி வந்திருக்கிறார். பாதிப்படியில் மடக்கி, தலைமுடியைப் பிடித்து, கைப்பிடிக் கம்பியில் முகத்தை மோதியிருக்கிறார்கள். மூன்று தடவை. கம்பி அதிர்ந்தது தபால் பிரிவில் என் மேசைவரை கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் அவர் உருண்டு கீழே கிடந்தார். வாயெல்லாம் ரத்தம். இரண்டு பற்கள் நான்காவது படியில். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒருவன் சொன்னான், "விழுந்துட்டாரு மேடம். படி வழுக்குது." மேலாளர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். துப்புரவுக்காரம்மா வாளியோடு வந்து படியைக் கழுவினாள்.

ஆஸ்பத்திரியில் தச்சரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். படியில் வழுக்கி விழுந்தேன் என்று. அடித்தவர்களைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

நேற்று மாலை தம்பி ஐஸ் கேட்டான். வலது கை விரல் முட்டியெல்லாம் வீக்கம். "கம்பி ஏத்தும்போது பட்டுடுச்சுக்கா." எடுத்துக் கொடுத்தேன். நேற்று தச்சர் விழுந்து கிடந்தபோது, படியில் நின்றவர்களில் ஒருவன் என்னைக் கண்டதும் கீழே ஓடினான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நீலச் சட்டை. குளியலறை வாளியில் இன்று ஒரு நீலச் சட்டை ஊறுகிறது.

மார்ச் 12, புதன்

கேட்டேவிட்டேன்.

"நீயாடா?"

"சும்மா பயமுறுத்தத்தான்க்கா போனோம். அந்தாளு எதிர்த்துப் பேசினான்."

"பேசினா பல்லைக் கழட்டுவியா?"

சாலையோரக் கால்வாய் வேலையை அவன் பேருக்கே தருவதாக ரோலர் சொல்லியிருக்கிறார் என்றான். "என் பேர்லக்கா. முதல் வேலை." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். முப்பத்திரண்டு வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

அம்மா போனபிறகு பத்து வயசிலிருந்து அவனை வளர்த்தவள் நான். ஆத்திரம் வந்தால் எனக்கு வாய்க்கு முன்னால் கை நீளும். அவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று படியில் மாட்டியது ஒரு தையல்காரம்மா. பின்னலைப் பிடித்து இழுத்ததில் கொத்தாக முடி வந்துவிட்டது. படிப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருவன் கல்லை விட்டான். காதை உரசிக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. மேலாளர் ஓடி வந்தார். "ஜன்னலை மூடுங்கம்மா. இந்தக் கண்ணாடிக்கு நான் யார்கிட்ட கணக்குச் சொல்றது?"

வந்த மனுக்கள், ஒன்றுகூட இல்லை. "ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை" என்று இப்போதே எழுதி, 28ஆம் தேதி போட்டு வைக்கச் சொல்கிறார். 28ஆம் தேதி வரட்டும் சார் என்றேன். முறைத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் அறிவிப்பை மறுபடி படித்தேன். மேலாளர் கைப்பட எழுதியது. "தபால் மூலம் அனுப்பப்படும் மனுக்கள் ஏற்கப்படா. தபால் பிரிவு எழுத்தரிடம் நேரில் அளிக்க வேண்டும்." யாரும் பதிவுத் தபாலில் அனுப்பித் தப்பிவிடக் கூடாதே என்று அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார். எழுத்தரிடம், அதாவது என்னிடம், கொடுக்க வேண்டும், சரி. அந்த எழுத்தர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

எழுத மறந்துவிட்டார் மனுஷன்.

மார்ச் 20, வியாழன்

அரை நாள் விடுப்பு. முத்திரை, மைப்பெட்டி, தபால் பதிவேடு, மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். படியில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். "என்ன மேடம், சீக்கிரமா?" "தலைவலி." அது பொய்யில்லை.

சந்தில் ஒரு மரக்கடைக்குள், அறுத்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். முதலில் யாரும் வரவில்லை. தச்சர்தான் முதலில் வந்தார். உதடு தைத்திருந்தது. மனுவை வாங்கி, எண் போட்டு, முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்தேன். சீட்டை அவர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதன்பிறகு வரிசை நின்றது.

ஆறு மணிக்குள் அறுபத்தொன்று. பத்தொன்பது வருஷமாக முத்திரை குத்துகிறேன். கை வலித்தது இன்றுதான்.

மார்ச் 22, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

நேற்றுக் காலை. நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். தம்பி வந்து பதிவேட்டைக் கொடு என்றான். மாட்டேன்னேன். "அக்கா, ரோலர் சொல்லிட்டாரு. ஒண்ணு நான் பார்த்துக்கணும். இல்லன்னா அவங்க வீட்டுக்கு வருவாங்க. வந்தா உன்ன சும்மா விடமாட்டாங்க. குடுத்துடு." கெஞ்சினான். பையிலிருந்து பிடுங்கினான். நான் குக்கர் மூடியால் அவன் காதோடு சேர்த்து அடித்தேன். ரத்தம் வந்தது. அப்புறம் அவன் அவனாக இல்லை. பதிவேட்டைப் பிடித்திருந்த என் கையைப் பீரோ கதவில் வைத்துச் சாத்தினான். விடலை நான். மறுபடி சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்பவும் நிறுத்தலை. பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டான். போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான்.

ஆஸ்பத்திரிக்கு அவனேதான் கூட்டிக்கொண்டு போனான். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். படியில் விழுந்துட்டேன் என்றேன்.

எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை.

மார்ச் 28, வெள்ளி

எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம். முத்திரையை வெளியே கொண்டுபோனது, பதிவேட்டை அழித்தது என்று என்மேல் இரண்டு குற்றச்சாட்டு. அறுபத்தொரு ஒப்புகைச் சீட்டும் போலி என்று கோப்பில் எழுதிவிட்டார் மேலாளர். சந்துக்காரர்கள் மேலே புகார் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை. தலைமையிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மாட்டிக்கொள்வோம் என்று பயந்து பக்கங்களை நான்தான் கிழித்தேன் என்று என்மேல் பழி போட்டார் மேலாளர். அதிகாரி என்னிடம் கேட்டார், "யார் கிழிச்சது?"

தம்பி கடைசி வரிசையில் ரோலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காதில் தையல். தெரியாது என்று சொன்னால் அறுபத்தொன்றும் வெறும் காகிதம். அதிகாரி இரண்டாவது தடவை கேட்டார்.

"என் தம்பி" என்றேன். பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் வைத்த பெயர். "கையையும் அவன்தான் உடைச்சான்."

தச்சர் எழுந்தார். "நானும் படியில விழலைங்க." அவருக்குப் பின்னால் தையல்காரம்மா. தம்பி இருந்த பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் அவனைக் கூட்டிப்போனார்கள். வேனில் ஏற்றும்போது வயிற்றில் ஒரு குத்து விட்டான் போலீஸ்காரன். அடிக்காதீங்க என்று கத்தினேன். நான்.

தம்பி மனைவி பத்து மணிக்கு என் அறைக்கு வந்தாள். "பெத்த புள்ள மாதிரின்னு சொல்வீங்களே அண்ணி" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். கட்டுப்போட்ட கையோடு நான் தலை வார முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சீப்பை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் அழுத்தித்தான் வாரினாள்.

ஏப்ரல் 24, வியாழன்

மனுக்களை ஏற்றுக்கொண்டு சாலைத் திட்டத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஜல்லியை அள்ளுகிறார்கள். அள்ளுகிற லாரியும் ரோலருடையதுதான். அவர்மேல் ஒரு வழக்கும் இல்லை. மேலாளருக்கு மாற்றல். எனக்கு இன்னும் வேலை திரும்பவில்லை.

தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது. ஜாமீன் கையெழுத்துக்கு அவன் மனைவி நான்கு வீடு ஏறி இறங்கினாள், யாரும் வரவில்லை. நான் போனேன். இடது கைக் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். நாளைக் காலை வீட்டுக்கு வருகிறான். அவனுக்கு வேறு வீடு இல்லை. எனக்கும் இல்லை.

மத்தியானம் தச்சரை வரச் சொல்லியிருந்தேன். என் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். "உள்பக்கமா மேடம், வெளிப்பக்கமா?" "உள்பக்கம்." நாலு ஸ்குரூ போதும் என்றார். எட்டு போடச் சொன்னேன்.