யோஸ்ட் வீட்டில் வாய் திறந்து கேள்

அன்பு மகன் லிமாமுக்கு, நம் பாலைவன ஊர் ஷாமியிலிருந்து வாப்பா யர்பா எழுதுவது. உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி இருக்கட்டும். நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தானே தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் உம்மா பக்கத்தில் இல்லாத அன்றைக்கு நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசலாம்தான். உன் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள், இது அவள் காதில் விழக்கூடாத பேச்சு. அதனால்தான் மீன் லாரி ஓட்டும் ஹமாதியிடம் கொடுத்தனுப்புகிறேன், ஸ்பெயினில் இருக்கும் அவன் தம்பி உனக்குத் தபாலில் சேர்ப்பான். இங்கே மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. ஆடுகள் அட்டைப்பெட்டியைத் தின்கின்றன. தங்கம் தோண்ட வந்த கூட்டம் கலைந்துபோய்க் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் தங்கை மறுபடி உண்டாகியிருக்கிறாள், அது ஒன்றுதான் நல்ல சேதி.

விஷயத்துக்கு வருகிறேன். யோஸ்டும் அவன் மனைவி மரைக்கேயும் சைக்கிளில் நம் ரோட்டில் வந்து, மணல் காற்றில் கண் தெரியாமல் நம் கடை வாசலில் விழுந்தது உனக்கு நினைவிருக்கும், அவர்கள் டியூபுக்கு ஒட்டுப் போட்டவனே நீதான். காற்று அடங்கும்வரை வைத்துக்கொண்டோம், உம்மா தன் படுக்கையைக் கொடுத்தாள், இருந்த ஒரே குட்டியை அறுத்தோம். போகும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டே, எங்க வீடு உங்க வீடு, எப்ப வேணும்னாலும் வாங்க என்றார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான், ஸ்பெயினில் தோட்ட வேலை முடிந்ததும் நீ பஸ் ஏறி ஹாலந்துக்குப் போய், மழையில் பையோடு அவர்கள் வாசலில் நின்றாய். அவன் கட்டிப்பிடித்தான், காபி கொடுத்தான், உம்மா டீ ஊற்றுகிற படத்தைப் பெரிதாகச் சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினான், நீ அதற்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாய். இருட்டிவிட்டது. எங்கே தங்கியிருக்கிறாய் என்று அவன் கேட்டான், நீ நண்பன் வீட்டில் என்றாய். சந்தோஷம், அடுத்த வாரம் சாப்பிட வா என்று வாசல்வரை வந்து வழியனுப்பினான். நீ ரயில் நிலையத்தில் படுத்தாய். வாப்பா, அவங்களுக்கு உம்மா படம் போதும், உம்மா பெத்த பிள்ளை வேணாம் என்று நீ சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது.

அவனை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் போன வாரம் போலந்துக்காரன் ஒருவன் சைக்கிளில் வந்தான், முகமெல்லாம் வெடித்து, நம்ம ஊர் ஆள் மாதிரி தலைப்பாகை கட்டிக்கொண்டு. இறங்கினதுமே தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா, கடைக்குப் பின்னால் கூடாரம் போடலாமா, போனுக்குச் சார்ஜ் போடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டான். உள்ளேயிருந்து உம்மா, கேக்காமக் குடிக்கச் சொல்லுங்க, ஒட்டகத்துக்குக்கூட அந்த அறிவு இருக்கு என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யோஸ்டும் இப்படித்தான் எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டான், இந்த ஆளை அவன் தாய் சரியா வளக்கலபோல என்று நாம் சிரித்தோமே. மூன்றாவது கிளாஸ் டீ முடிந்ததும் எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் போலந்துக்காரனிடம் கேட்டேன், உங்க ஊர்ல ஒருத்தன் பையோட வாசல்ல வந்து நின்னா என்னப்பா நினைப்பீங்க என்று. அவன் யோசித்துவிட்டு, எங்கயோ போற வழியில பாத்துட்டுப் போக வந்திருக்கார்னு நினைப்போம், தங்கணும்னா அவரே சொல்லுவாரே என்றான்.

நம்மிடம் விருந்தாளி தன் தேவையைச் சொல்ல மாட்டான், சொல்ல வைப்பது வீட்டுக்காரனுக்கு அவமானம், பையைப் பார்த்தே பாய் விரிப்போம். அப்படித்தான் உன்னையும் வளர்த்தோம். கடைக்கு வருகிறவன் வாய் திறந்தால்தான் நான் சரக்கை எடுத்துப் போடுவேன், வீட்டுக்கு வந்தவனுக்கு வாய் திறக்கும்முன் கொடுத்துவிடுவேன். அவர்கள் ஊரில் வீட்டிலும் கேட்டால்தான் போலிருக்கிறது. நீ அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாய், அவன் நீ சொல்வாய் என்று இருந்தான். ஆகையால் மகனே, மறுபடி போ. எனக்குப் படுக்க இடம் இல்லை, குளிர் முடியும்வரை இருக்கலாமா என்று முகத்தைப் பார்த்துக் கேள். கேட்பதற்குப் பதில் குளிரில் சாகலாம் என்றாய், எனக்கும் எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் இப்போது நீ படுக்கிற அந்த மொராக்கோக்காரர் கடைக் கிடங்கு எத்தனை நாளைக்கு? அவன் முடியாது என்றும் சொல்லலாம். சொல்ல மாட்டான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, நல்ல மனசு உள்ளவனும் தன் வீட்டுக்குள் வேறு ஆளாக இருப்பான், வியாபாரத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடியாது என்றால் சண்டை வேண்டாம், ஸலாம் சொல்லிவிட்டு இறங்கி ஊருக்கு வந்துவிடு. வந்தால் விசா இல்லாமல் மறுபடி அங்கே போக முடியாது என்று தெரியும். பரவாயில்லை.

உண்மை தெரியாத உம்மா ஊர் முழுக்க நீ யோஸ்ட் வீட்டு மெத்தையில் தூங்குவதாகச் சொல்லி வைத்திருக்கிறாள், தொழுகையில் அவர்கள் பேரையும் சேர்த்து துஆ கேட்கிறாள். இதோடு வருகிற பொட்டலம் ஒட்டகக் கறி வற்றல், மரைக்கேக்கு உசுரு என்று அவளே காயவைத்துக் கட்டினாள், தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அதை மரைக்கே கையில் கொடுத்து, காபி வருவதற்கு முன்பே கேட்டுவிடு.

காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே, தொழுகையை விடாதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. அல்லாஹ் உனக்கு ஒரு கூரையையும் உள்ளே கூப்பிடுகிற குரலையும் தரட்டும். அடுத்த முறை போனில் மரைக்கே கறியைச் சாப்பிட்டாளா என்றுதான் உம்மா முதலில் கேட்பாள். எது நடந்திருந்தாலும், ரொம்ப ருசியா இருந்துச்சாம் உம்மா என்றே சொல். அவர்கள் முடியாது என்றிருந்தால் மட்டும், கூடவே என் முழங்கால் வலி எப்படி என்று விசாரி. நான் புரிந்துகொண்டு நீ ஊர் திரும்ப டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்கிறேன்.

உன் வாப்பா,
யர்பா