ஒரே ஒரு வாளி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். என் மானம் மட்டும்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது, நான் ஆஸ்பத்திரித் தண்ணீரில் திருட்டுத்தனமாகத் தலைக்குக் குளித்தேன். நீ பார்சலில் அனுப்பிய ஷாம்பு, கண்டிஷனர் புட்டிகள் இரண்டும் என் ஆஸ்பத்திரி மேஜை இழுப்பறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. ஆகவே பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு.

வெள்ளத்தில் ஊர்க்குழாயில் சாக்கடை கலந்ததும், ஆஸ்பத்திரிக்கு லாரித் தண்ணீர்தான் என்றாகிவிட்டது. அதைப் பங்கிடும் பொறுப்பை உன் அக்காவிடம் கொடுத்தார்கள். கேட்கவா வேண்டும்? வராந்தாக் குழாய்களையெல்லாம் பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினேன். கார் துடைக்க ஒரு மக் கேட்ட பெரிய டாக்டரிடமே, "காருக்கு என்ன ஆபரேஷனா சார்?" என்றேன். 'குழாய் மகாராணி' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். கோபப்படுவதுபோல் நடித்தேன், உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

சிறுநீரகப் பிரிவில் ஒரு பஸ் டிரைவர். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும். முந்தைய முறை மெஷினில் போடுவதே தவறிப்போய், கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குளித்த அன்று காலை அவர் மனைவி முகம் கழுவப் போனாள். மக்கைப் பிடுங்கிவிட்டேன். "உன் புருஷன் மெஷினுக்குத் தண்ணி வேணுமா, உனக்கு மூஞ்சி பளபளக்கணுமா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் எனக்குத் தலை அரிப்புத் தாங்கவில்லை. ஸ்டோர் ரூம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரே ஒரு வாளி. வெளியே வந்தால் நர்ஸ் ஓடி வருகிறாள்: தொட்டியில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்விட்டதாம், லாரி பாலத்தடியில் மாட்டிக்கொண்டதாம், பஸ் டிரைவரை மெஷினில் போட முடியாதாம். என் தலையிலோ துண்டு. ஆஸ்பத்திரி முழுக்கக் குளோரின் நெடி. என்னிடம் மட்டும் உன் ஷாம்பு வாசனை. ஒரு வாளியால் தொட்டி வற்றிவிடாது என்று மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடினேன். எதிரே டிரைவர் வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். வக்கீல் எழுந்து போய்விட்டார்.

டிரைவரின் மனைவி என் தலையையே பார்த்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். "நல்லா துவட்டுங்கக்கா, சளி பிடிச்சுக்கும்" என்றாள். அவ்வளவுதான். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் லாரி வந்தது, மெஷின் ஓடியது. என்னை வைத்து நர்ஸிடம் ஜோக்கடிக்கும் அளவுக்கு டிரைவர் தேறிவிட்டார். நான்தான் அந்த வார்டைத் தவிர்த்துப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறேன். பிடுங்கிய மக்கைத் திருப்பிக் கொடுக்கக்கூட முகமில்லை, நர்ஸிடம் கொடுத்தனுப்பினேன்.

நீ நன்றாயிரு. உன் வீட்டுக் குழாய் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும். பார்சல் மட்டும் இனி வேண்டாம். அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் அக்கா

பி.கு.: ஒரு வாளி என்று எழுதினேன் அல்லவா? இரண்டு. உன் இரண்டாவது புட்டியைத் தேய்த்தால் தாராளமாக அலச வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது.