பின்னால் ஓடும் ரயில்

2004 மே, சனிக்கிழமை இரவு

பயணிகளின் கனிவான கவனத்திற்கு: நேற்று முதல் முடங்கிக் கிடந்த என் நண்பன் ஜாபரின் பொம்மை ரயில் இன்று மாலை புறப்பட்டுவிட்டது. வைத்தியர் நானேதான்.

அவன் மாமா துபாயிலிருந்து வாங்கி வந்த மின்சார ரயில் அது. மாமா நாளைக் காலை பழவேற்காட்டிலிருந்து வருகிறார். "ஓடலன்னா மாமா என்னை உரிச்சிடுவாருடா, இன்னா பண்றது?" என்று ஜாபர் அழாத குறை.

தண்டவாளத்தில் கரண்ட் இருந்தது. சக்கரம்தான் சுற்றவில்லை. எஞ்சினைத் திறந்தால், மோட்டார் காந்தத்துக்குக் கறுப்பு மீசை! ஊதினாலும் போகவில்லை. மொட்டை மாடியில் ஓடியபோது, பக்கத்து இரும்பு ஆலையிலிருந்து வந்து படிந்த இரும்புத் தூசியை இழுத்துத் தின்றிருக்கிறது. காந்தத்தைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். ஓடியது. ஆனால் பின்பக்கமாக.

"இன்னாடா, ரிவர்ஸ்ல போவுது?"

"ஆந்திரா பார்டர்ல, எளாவூர் செக்போஸ்ட்ல திருப்பி அனுப்சிட்டாங்கடா. ரிவர்ஸ் கியரு நான் போட்டுக் குடுத்த எக்ஸ்ட்ரா."

"மெய்யாலுமா? நீ இஞ்சினியருடா!"

காந்தத்தைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் காந்தம் திரும்பினால் ரயிலும் ஏன் திரும்புகிறது? இன்னும் புரியவில்லை. கழற்றும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. மாமா வருவதற்குள் போய் மறுபடி திறக்க வேண்டும். ஏன் என்று ஜாபர் கேட்டால் என்ன சொல்வதென்றுதான் யோசிக்க வேண்டும்.