வட்ட வாய் நத்தைகள்

பிப்ரவரி 3, திங்கள்

செகண்ட் ஷிஃப்ட். கிளம்பும்போது மனைவி ஆசிஃபா வாசலை மறித்துக்கொண்டாள். இருபதாம் தேதி அவளுடைய தையல் மெஷின் வருகிறது. அதற்குள் என் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டி மந்தாரக்குப்பம் சைபுல்லா பாயின் வண்ணமீன் கடைக்கே திரும்பிப் போகுமாம். மெஷின் அந்த இடத்தில் உட்காருமாம். பவளமே தெரியாத அளவுக்குப் பாசி. நியாயமாகத்தான் கேட்கிறாள். அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 5

பாய் கடையில் பாசி தின்னும் நத்தை ஐந்து வாங்கினேன். எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு. பதினெட்டு வருஷம் மைன்ஸில் ராட்சத எந்திரங்களோடு கிடந்தவனுக்குச் சின்னதில் நம்பிக்கை வருமா? எலுமிச்சை அளவு ஒன்று தனித்தொட்டியில் இருந்தது. அதையும் கேட்டு வாங்கினேன். பாய் ஏதோ சொல்ல வந்தார், நான் காது கொடுக்கவில்லை. மண் வாரும் எந்திரத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டேன் - பக்கெட் வீல்.

பிப்ரவரி 8

ஒரு நத்தை காலி ஓடு.

பிப்ரவரி 10

இன்னும் இரண்டு போச்சு. உப்பு அளந்தேன், சரிதான். பின்னே ஏன்? அட போங்கடா, தொட்டியைக் கொடுத்துத் தொலைச்சிடலாம் - மனசு கேட்கவில்லை.

பிப்ரவரி 11

ஆசிஃபா பரங்கிப்பேட்டைக்காரி, கடற்கரையில் வளர்ந்தவள். தொட்டிப் பக்கமே வராதவள் இன்று ஓடுகளைப் பார்த்துவிட்டு, பக்கெட் வீலைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். தண்ணீரில் அவள் கை வைக்க மாட்டாளாம். ஓட்டின் வாய் ஓரம் கெண்டி மூக்கு மாதிரி நீண்டிருந்தது.

"வாய் வட்டமா இருந்தா பாசி திங்கும். இப்படி மூக்கு வெச்சிருந்தா கறி திங்கும் மச்சான்."

காசு கொடுத்துக் கொலைகாரனைக் கூட்டி வந்திருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

பிப்ரவரி 12

இருவரும் கடைக்குப் போய்ப் பக்கெட் வீலைத் திருப்பிக் கொடுத்தோம். ஆசிஃபா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நத்தையாகக் கவிழ்த்துக் காட்டச் சொன்னாள். எங்கள் வீட்டார் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை. ஆறு தேறியது. சிலது மல்லாந்து விழுந்தால் தானாக எழாது, யாராவது நிமிர்த்திவிட வேண்டும் என்றார் பாய். அதற்கு நான் ஆளில்லை என்று ஆசிஃபா உடனே சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 17

கண்ணாடியில் வழி வழியாகச் சுத்தம். பவளம் தெரிகிறது!

பிப்ரவரி 20

மெஷின் வந்தது. ரூம் ஜன்னலோரம் வைக்கச் சொன்னாள். தொட்டி அதன் இடத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி 24

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பதினொரு மணிக்கு ஆசிஃபாவின் போன். வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாள், பதறிக்கொண்டு எடுத்தேன்.

"ஒண்ணு மல்லாந்து கெடந்துச்சு மச்சான். நிமித்தி வுட்டுட்டேன்."

நகர்ந்ததா என்று கேட்டேன்.

"நகர்ற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் பேசறேன்" என்றாள்.